சாட்சியைத் தின்னுதல்

சதுரங்கத்தை நிறுத்திவைத்திருப்பதாகத்
தேநீர்க்கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள்.
மறு உத்தரவு வரும்வரை, என்று போட்டிருந்ததாம்.
தம்பி படித்துவிட்டு வந்து சொன்னான்.

அந்த மறு உத்தரவை எனக்குத் தெரியும்.
என் பள்ளிக்கூட வாசலில்
அதற்காகத்தான் ஒரு பூட்டு
நான்கு வருடமாய்க் காத்துக்கொண்டிருக்கிறது.

பஹ்ராம் அன்று சாப்பிடவில்லை.
சூதுக்கு வழி என்கிறார்களாம் அக்கா,
ஒரு கோப்பைத் தேநீருக்குக்கூட
நாங்கள் பந்தயம் கட்டியதில்லையே
என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

நான் சிரித்திருக்கக் கூடாது.
சிரித்துவிட்டேன்.

பூங்கா போனபோது,
பொதுக் குளியல்கூடம் போனபோது,
அழகுநிலையத்தோடு குல்சூம் சித்தியின் சம்பளம் போனபோது,
என் குரல் ஜன்னலைத் தாண்டக் கூடாது என்று ஆனபோது
நீ ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தாய்.
உனக்கு இது முதல் தடை.
எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது.

சொன்ன பிறகுதான் அவன் மேலுதட்டைப் பார்த்தேன்.
மீசை இன்னும் வந்தபாடில்லை.
இவன்தான் என் ஆண்துணை.
பல்வலி என்றால்கூட
இவன் முன்னால் நடந்தால்தான்
மருத்துவர் எனக்குக் கதவு திறப்பார்.

பலகைகளை ஹாஜி நாதிர் தாமே சாக்கில் கட்டி
வந்தவர்களிடம் கொடுத்துவிட்டாராம்.
கடைக்கு வாடகை இருக்கிறது. ஐந்து பிள்ளைகள்.
அவரை நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அன்றிரவு ஹெராத்தில் மின்சாரம் இல்லை.
சாப்பாட்டு விரிப்பைத் திருப்பிப் போட்டு
கரித்துண்டால் கட்டம் கிழித்தேன்.
எனக்கு வெளுத்த முசுக்கொட்டைப் பழங்கள் சிப்பாய்கள்,
அவனுக்குக் கறுப்புத் திராட்சை.
பாதாம் யானை. பிஸ்தா குதிரை. அக்ரூட் ராஜா.
ஓடு நீக்கியவை எனக்கு, ஓட்டோடு அவனுக்கு.
வெட்டினால் உடனே தின்றுவிட வேண்டும்.
சாட்சி மிஞ்சக் கூடாது.

எல்லாத் திசையிலும் போகிற காய்க்கு
எங்கள் மொழியில் வசீர் என்று பெயர்.
ஆண்தான், வேறென்ன.
வெளிநாட்டில் அதை ராணி என்பார்களாம்.
உலர்ந்த சர்க்கரைப் பாதாமி ஒன்றை
அந்தக் கட்டத்தில் வைத்தேன்.
அதை என்ன பெயர் சொல்லி நகர்த்தினேன் என்று
தம்பியிடம் சொல்லவில்லை.

எப்போது கற்றுக்கொண்டாய், என்றான் பதினோராவது நகர்த்தலில்.
நீ கற்றுக்கொண்டபோது.
துணி மடிப்பவளை யார் கவனிக்கிறார்கள்.

அவன் யானையை வெட்டினேன்.
ஓட்டை உடைக்கும் சத்தம்
இரவில் அத்தனை பெரிதாக இருக்கும் என்று
இரண்டு பேருமே நினைக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது.

மூன்று திராட்சைச் சிப்பாய்கள்
ஒரே வாயில் செத்தார்கள்.
விரிப்பைச் சுருட்டினேன், உள்ளே ஒரு படையே குலுங்கியது.
அவன் ராஜாவை என் கைமடிப்பில் செருகினேன்.
என் ராஜாவை அவன் கன்னத்தில் அடக்கிக்கொண்டு
கதவைத் திறந்தான்.

வெள்ளை அங்கி போட்ட இருவர்.
பக்கத்து வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டதுண்டா?
இல்லை என்று தலையாட்டினான்.
உள்ளே யார்?
தலையாட்டினான். எதற்கு என்று தெரியாத ஓர் ஆட்டல்.
வாயில் என்ன?

திரைக்குப் பின்னால் நான் மூச்சுவிடவில்லை.
என் மூச்சும் ஒரு குரல்தானே,
அதற்கு என்ன சட்டமோ.

அக்ரூட், என்றான். சாப்பிடுகிறேன்.
ஒருவன் சிரித்தான் போலிருக்கிறது.
போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக் கதவு
நெடுநேரம் தட்டப்பட்டது.
நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

விழுங்கிவிட்டேன் அக்கா, என்றான் பிறகு.
அப்படியென்றால் ஜெயித்தது நான்.
உன் ராஜா இல்லை.

இருக்கிறார், என்றேன்.
உன் வயிற்றுக்குள் கோட்டை கட்டிக்கொண்டார்.

அழுகிறானா சிரிக்கிறானா என்று
அந்த விளக்கில் தெரியவில்லை.

அவன் ராஜா இன்னும் என் கைமடிப்பில் இருக்கிறார்,
முழு ஓட்டோடு, மணிக்கட்டில் உறுத்திக்கொண்டு.
இப்போது உடைத்தால் தெருவுக்கே கேட்கும்.
பகலில் ரொட்டிக்கடை ஜெனரேட்டர் ஓடும்,
பத்து மணிக்கு மேல்.